தினம் ஒரு லிங்கம்

என் அம்மாவுக்கு வயது 76. திருவண்ணாமலையில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் வெங்காயம் உரித்துக்கொண்டே வரிசையாகச் சொல்வார். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், எந்த லிங்கத்துக்குப் பக்கத்தில் டீ நன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். சென்ற ஆடியில் ஒருநாள் என் மகளுக்காக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன் என்று வந்து ஆறாவது விரலில் நின்றுவிட்டார். குபேரன் தெரிகிறது, ஈசானியம் தெரிகிறது. நடுவில் ஒன்றைக் காணோம். "வாயு, பாட்டி" என்றாள் பேத்தி. "காத்தையே மறந்துட்டேன் பாரு" என்று அம்மா சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அந்த ஆறாவது விரலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவரோடு தேரடி வீதியில் நடந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. நான் ஏதாவது கேட்டால் அம்மா நின்றுவிடுகிறார். பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்கிறார். ஒரு காலத்தில் 14 கிலோமீட்டரும் ஊர்வம்பு பேசிக்கொண்டே மலையைச் சுற்றி வந்தவர் அவர்.

இப்படி நிற்பதற்கு மருத்துவத்தில் ஒரு வரலாறு உண்டு. 1997-இல் ஸ்வீடனின் லில்லெமோர் லுண்டின்-ஓல்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லங்களில் இருந்த 58 பேரை நடக்கவிட்டு, வழியில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் நின்றுவிட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் கீழே விழுந்திருந்தார்கள். பின்னாளில் நியூயார்க்கில் நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 'மறதி வருகிறது' என்று சொல்பவரின் நடையும் வயதுக்கு மீறித் தளர்ந்திருந்தால், அது மறதிநோய்க்கான முன்னறிவிப்பாக இருக்கலாம் என்றார். 2014-இல் அவரும் சகாக்களும் 17 நாடுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இந்த இரண்டும் சேர்ந்து காணப்பட்டன.

மறதி தலைக்குள் நடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதனால்தான் தாத்தாவுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் வாங்கித் தருகிறோம், வல்லாரை லேகியம் தேடுகிறோம். காலைப் பார்ப்பதில்லை. நடையையே வழிபாடாக வைத்திருக்கும் திருவண்ணாமலையிலும் இதுதான் நிலை. பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் இங்கே நடக்கிறார்கள். ஆனால், முதியவர்களின் நினைவுக்குத் துணைநிற்கும் நடை அந்த ஒரு இரவில் இல்லை. மாதத்தின் மற்ற 28 நாட்களில் இருக்கிறது.

மூளைக்குள் ஒரு வழிகாட்டி

நம் மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, கடல்குதிரையைப் போல வளைந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. பெயர் ஹிப்போகேம்பஸ். இன்று காலை யார் வந்தார், மாத்திரை போட்டோமா போன்ற புதிய செய்திகளைப் பதிவு செய்வது இதுதான். நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வழி சொல்வதும் இதுவே. ஒவ்வோர் இடத்துக்கும் இங்கே தனித்தனி நரம்பணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று 1971-இல் கண்டறிந்தவர் ஜான் ஓ'கீஃப். அதற்காக 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நினைவுக்கும் வழிக்கும் ஒரே வீடு என்பதால்தான், அல்சைமர் நோய் இந்தப் பகுதியைத் தொடும்போது, தேரடி வீதியிலேயே வளர்ந்தவர் தேரடி வீதியில் நின்று வீட்டுக்கு வழி கேட்கிறார்.

வயது ஏற ஏற இந்தப் பகுதி சுருங்குகிறது. நடந்தால் சுருக்கம் குறையுமா? 2011-இல் கிர்க் எரிக்சன் குழுவினர் அமெரிக்காவில் 55 முதல் 80 வயதுவரையுள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், 40 நிமிடம் நடந்தது. மற்றது உடலை நீட்டி வளைக்கும் இலேசான பயிற்சிகளைச் செய்தது. ஓராண்டுக்குப் பின் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. நடக்கும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்பணுக்களுக்கு உரம்போல உதவும் ஒரு புரதம் சுரக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வருகின்றன. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை மெல்ல அரிப்பவை இந்த இரண்டும்தான் என்பதால், கடைசியாகச் சொன்னதே நம் ஊருக்கு முதன்மையானது.

எவ்வளவு நடக்க வேண்டும்? பிரிட்டனில் 78,000-க்கும் மேற்பட்டோரின் மணிக்கட்டில் கருவி கட்டிக் கணக்கெடுத்த ஆய்வு 2022-இல் வெளியானது. நாளொன்றுக்குச் சுமார் 9,800 காலடிகள் நடந்தவர்களிடம் மறதிநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. 3,800 அடி மட்டுமே நடந்தவர்களிடமும் கால் பங்கு குறைந்திருந்தது. நடந்ததால்தான் குறைந்தது என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், கொஞ்ச நடையும் வீண்போவதில்லை என்ற நம்பிக்கையை அது தருகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். பாதை 14 கிலோமீட்டர், லிங்கங்கள் எட்டு. இடைவெளிகள் சமமல்ல என்றாலும், வகுத்தால் ஒரு லிங்கத்திலிருந்து அடுத்ததற்குச் சராசரி 1.75 கிலோமீட்டர். முதியவர் ஒருவருக்கு 25 நிமிட நடை. ஒரு லிங்கத்தில் தொடங்கி அடுத்ததில் முடித்து, ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினாலும் வாரத்துக்கு 175 நிமிடம் ஆகிவிடும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. தினம் ஒரு லிங்கம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது. எட்டு நாளில் மலையையும் சுற்றி முடித்துவிடலாம். நேற்று எங்கே விட்டோம், இன்று எங்கே தொடங்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்வதும் ஒரு பயிற்சிதான்.

மிதமான உழைப்பு என்றால் என்ன என்று அம்மா கேட்டார். பேச முடிய வேண்டும், பாட மூச்சுப் போதக் கூடாது, அதுதான் அளவு. "அண்ணாமலையை ஓடிச் சுத்தக் கூடாதுடா, நிறைமாசமா இருக்கிற ராணி நடக்கிற மாதிரி நடக்கணும்" என்றார். ஊரின் மரபு அதுதான். எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம் ராணி, நடுவில் பஸ்ஸைப் பிடிக்கப் போகும் பெண்மணி.

கோயிலில் கற்ற பயிற்சிகள்

நடை மட்டும் போதாது. தசை வலுவுக்கு வாரம் இரண்டு நாளாவது, உடல் நிலைகுலையாமல் நிற்கப் பழகுவதற்கு மூன்று நாளாவது பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்கு ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றைப் பிள்ளையார் சந்நிதியிலும் பிராகாரத்திலும் நாம் ஏற்கெனவே செய்திருக்கிறோம்.

முதலாவது தோப்புக்கரணம். காதைப் பிடித்தால் மூளை விழித்துக்கொள்ளும் என்று சொல்லி, இதை 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்ற பெயரில் உலகமெங்கும் விற்கிறார்கள். காதுக்கும் மூளைக்குமான அந்தக் கதைக்கு வலுவான சான்று இல்லை. தொடைக்குச் சான்று உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 324 இரட்டையர் பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் எழுதினார்கள்: தொடக்கத்தில் கால் வலு மிகுந்திருந்தவர்களின் மூளைத் திறன் பின்னாளில் குறைவாகவே தேய்ந்திருந்தது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிடத்திலும் இந்த வேறுபாடு தெரிந்தது.

மூட்டு தேய்ந்தவர் தரைவரை உட்கார்ந்து எழ வேண்டாம். கை இல்லாத, சறுக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டுங்கள். மூக்கு கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து எழுங்கள். எழுவதில் மட்டுமல்ல, உட்காருவதிலும் பலன் உண்டு. தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும். ஐந்து முறையில் தொடங்கி, சில வாரங்களில் பத்துக்குப் போகலாம். முதல் வாரம் அம்மாவால் கையை ஊன்றாமல் இரண்டு முறைக்குமேல் எழ முடியவில்லை. "பிள்ளையாருக்கே கடன் வெச்சுட்டேன்" என்றார்.

இரண்டாவது அடிப்பிரதட்சிணம். வேண்டுதலுக்காக அடிமேல் அடி வைத்துப் பிராகாரம் சுற்றுவோமே, அதுதான். ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வைக்கும் இந்த நடையை, நிலைகுலையாமல் நிற்கும் திறனைச் சோதிக்க நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் சுவரையோ சமையல் மேடையையோ விரலால் தொட்டுக்கொண்டு பத்தடி போய், பத்தடி வரலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பதும் இதன் தொடர்ச்சி. தலையில் அடிபடுவதும் மறதிநோய்க்கு ஒரு காரணம் என்பதால், விழாமல் இருக்கப் பழகுவது நினைவையும் காப்பதுதான்.

மூன்றாவது கும்மி. 2003-இல் வர்கீஸ் குழுவினர் 75 வயதைக் கடந்த 469 பேரின் பொழுதுபோக்குகளை ஆராய்ந்தபோது, உடல் சார்ந்தவற்றில் நடனம் ஒன்று மட்டுமே மறதிநோய்க் குறைவோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே. ஆடும்போது தாளத்தைக் கவனிக்க வேண்டும், அடுத்த அடியை நினைவில் வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போக வேண்டும். வட்டமாகச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, கைகொட்டி, பாட்டும் பாடும் கும்மியில் இவை அத்தனையும் இருக்கின்றன. தை மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடையேற்றிக் காட்டும் அதை, தெருப் பாட்டிகளுக்குத் திருப்பிக் கொடுத்தால் என்ன?

நான்காவது, நடந்துகொண்டே இன்னொன்றைச் செய்வது. மருத்துவர்கள் இதை இரட்டைப் பணிப் பயிற்சி என்கிறார்கள். ஒரே நேரத்தில் எட்டு விஷயங்களைக் கவனிப்பவரை அஷ்டாவதானி என்றும் நூறைக் கவனிப்பவரைச் சதாவதானி என்றும் அழைத்த மொழி நம்முடையது. இதை ஈரவதானம் என்று சொல்லலாம். நடந்தபடியே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணலாம், 'க'வில் தொடங்கும் ஊர்ப்பெயர்களைச் சொல்லலாம். பக்தி உள்ளவர்க்கு வழி இன்னும் எளிது. 1896-இல் இந்த ஊருக்கு வந்து, 1926 வரை கிரிவலம் வந்துகொண்டிருந்த ரமணர், மலையைச் சுற்றும்போது இயற்றியதாகச் சொல்லப்படுவது அருணாசல அட்சரமணமாலை. 108 கண்ணிகள், அகர வரிசையில் அமைந்தவை. அடுத்த கண்ணி மறந்தால் அடுத்த எழுத்து கைகொடுக்கும். பாடிக்கொண்டே நடப்பவருக்கு எழுத்து ஒரு பிடி, அடி ஒரு பிடி.

எதற்கு இது மருந்தல்ல

நினைவாற்றலை விற்கும் கடைகள் பெருகிவிட்ட காலத்தில், உடற்பயிற்சியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். எரிக்சன் ஆய்விலேயே, நினைவுத் தேர்வில் இரு குழுக்களும் முன்னேறின. நடந்த குழு மட்டும் தனியாக உயர்ந்துவிடவில்லை. 2022-இல் அமெரிக்காவில், மறதி இருப்பதாகச் சொன்ன 65 முதல் 84 வயதுவரையுள்ள 585 பேரிடம் உடற்பயிற்சியையும் தியானத்தையும் ஒன்றரை ஆண்டு சோதித்தார்கள். நினைவில் குறிப்பிடத்தக்க மேம்பாடு தென்படவில்லை. மறதிநோய் ஏற்கெனவே வந்துவிட்ட 494 பேருக்குப் பிரிட்டனில் கடும் பயிற்சி கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில், உடல் தேறியது. நோயின் வேகம் குறையவில்லை.

பிறகு ஏன் நடக்க வேண்டும்? பயிற்சி தனியாகச் செய்யாததை, பிறவற்றோடு சேர்ந்து செய்கிறது. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரையுள்ள 1,260 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டாண்டில் அவர்களின் மூளைத் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இடமிருக்கிறது என்று லான்செட் ஆணையம் 2024-இல் சொன்னது. அது பட்டியலிட்ட 14 காரணிகளில் உடலுழைப்பின்மை ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், மனச்சோர்வு, தனிமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. நான்கு பேரோடு தினமும் நடப்பவர் இவற்றில் பலவற்றை ஒரே கல்லில் அடிக்கிறார். அதே பட்டியலில் காது மந்தமும் கண் மங்கலும் உண்டு. அவற்றுக்குக் கருவியும் கண்ணாடியும்தான் வழி, நடை அல்ல.

மறதிக்கு பி12 குறைபாடு, தைராய்டு, தூக்க மாத்திரை என்று வேறு காரணங்களும் உண்டு. திடீரென்று மறதி கூடினாலோ, ஒரே கேள்வி நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தாலோ, நாற்பதாண்டு செய்த சாம்பாரின் வரிசை குழம்பினாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழ வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு வேண்டுகோள்: வெறுங்காலோடு நடக்காதீர்கள். உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சித்திரை வெயிலில் கொதிக்கும் தாரும் தெரியாது, குத்திய முள்ளும் தெரியாது. செருப்புப் போட்டுக்கொண்டு தினம் வருபவரை அண்ணாமலையார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பாதை யாருக்காக?

2021 மக்கள்தொகைக் கணிப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம்.

தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்ல முயற்சி. ஆனால், எட்டு கிலோமீட்டர் என் வயதுக்காரர்களுக்குரிய தூரம். அம்மாவின் தூரம் அல்ல. அவருக்கு வேண்டியது இரண்டு கிலோமீட்டர். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. மாத்திரை கொடுக்கும் அந்தக் கை, நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பார்த்து, எண்ணிக்கையை அட்டையில் குறித்துவிட்டுப் போகலாம். அதற்குச் செலவே இல்லை.

திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சிறப்பு ரயிலும் பேருந்தும் தண்ணீரும் காவலும் ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊர் இது. உள்ளூர் முதியவர்களுக்காகச் சிலவற்றைக் கேட்கலாம். ஒவ்வொரு லிங்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் முந்நூறு மீட்டருக்கு ஒன்றாக, சாய்மானமும் கைப்பிடியும் உள்ள இருக்கை வேண்டும். சாய்மானமில்லாத சிமென்ட் திண்டில் உட்கார்ந்த முதியவருக்கு எழும்போது ஊன்றிக்கொள்ள ஏதும் இருக்காது. தினமும் திறந்திருக்கும் கழிப்பறை வேண்டும். மூத்திரத்துக்குப் பயந்தே வீட்டோடு இருந்துவிடும் பெண்கள் ஏராளம். விடியற்காலை ஐந்து மணிக்கு எரியும் விளக்கும், தட்டுக்கடையும் பைக்கும் மறிக்காத ஓரப்பாதையும் வேண்டும்.

அம்மா நடக்கத் தொடங்கிப் பல மாதங்களாகின்றன. தெருவில் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை நானும் கூடப் போனேன். முந்தைய இரவின் கூட்டம் விட்டுப்போன காகிதத் தட்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் துப்புரவுப் பணியாளர்கள் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பாதை காலியாக இருந்தது. குவியலைச் சுற்றி ஒதுங்கி நடந்தபடியே, பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தியைப் பற்றி அம்மா ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். லிங்கங்களை எண்ணும்போது வாயு இன்னும் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனால், அன்று அந்த மருமகள் கதை முடியும்வரை அம்மா ஓரிடத்திலும் நிற்கவில்லை.